எல்லாப் பங்குதாரர்களுக்கும் ஒரு காசு

“பேர் சொல்லும்மா. நட்சத்திரம் தெரிஞ்சா அதையும் சொல்லு,” என்றான் பூசாரி சடையன்.

யாரோ நன்றாக இருக்க வேண்டி அர்ச்சனை என்று நினைத்துவிட வேண்டாம். அடி அண்ணாமலை ஏரிக்கரை முனீஸ்வரனிடம் காசு வெட்டிப் போடத்தான் ஆட்கள் வருவார்கள். யார் பேரைச் சொல்லி ஒரு ரூபாய்க் காசை இரண்டாக வெட்டுகிறார்களோ, அவர் வீட்டில் இழவு விழும். செவ்வாய்க்கிழமைகளில் சடையன் டோக்கன் கொடுப்பதாகக் கேள்வி.

ஆராயி பேர் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல.

அவள் புருஷன் காசி வேங்கிக்கால் தாண்டி ஒரு பெரிய கிடங்கில் வாட்ச்மேன். சுவரில் விரிசல் இருக்கிறதென்று மூன்று முறை எழுதிக் கொடுத்தான். செலவு ஜாஸ்தி, பார்க்கலாம் என்று மூன்று முறையும் பதில் வந்தது. ஆவணி மழையில் அந்தச் சுவர் அவன் மேலேயே விழுந்தது. இப்போது ஐப்பசி.

“கம்பெனி பேரைச் சொல்றேன். அதுக்கே வெட்டுங்க,” என்று பேரையும் சொன்னாள்.

“கம்பெனிக்குப் புடிக்காதும்மா. உசுரு இருந்தாத்தானே போவும்? போன ஆடியில கீழ்பென்னாத்தூர்லேருந்து ஆதிலட்சுமின்னு ஒரு அம்மா வந்துச்சு. அது பையனை இதே கம்பெனி லாரி அடிச்சிருச்சு. முதலாளி யாருன்னு தெரியல, பங்கு வெச்சிருக்கற அத்தனை பேருக்கும் வெட்டுன்னுச்சு. வெட்டினேன். என்ன ஆச்சு? கம்பெனி ஜோராத்தான் நடக்குது. எனக்குத்தான் கெட்ட பேரு.”

ஆராயி தம்பியைப் பார்த்தாள். புகழேந்தி கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், நாலு எழுத்துப் படித்தவன். காசியின் போனைக் கையில் வைத்துத் தேடிக்கொண்டிருந்தான்.

“கிடங்கு யாருதுடா?”

“நீ சொன்ன கம்பெனிதுதான்க்கா. பாம்பேல இருக்கற அசெட் மேனேஜ்மெண்ட் கம்பெனி. ஊர்ல உள்ளவங்க பணத்தை வாங்கி அங்க இங்க போட்டுப் பெருக்குறவங்க.”

“அந்தக் கம்பெனி யாருது?”

“பாதிப் பங்கு ஒரு பேங்க்குது. கால் பங்கு வெளிநாட்டுல இதே தொழில் பண்ற இன்னொரு கம்பெனிது.”

“அது யாருது?”

புகழேந்தி விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான். “அதுல வேற ரெண்டு கம்பெனி பங்கு வெச்சிருக்குது. அந்த ரெண்டுலயும் இது பங்கு வெச்சிருக்குது.”

சடையன் உளியைக் கீழே வைத்தான். முப்பது வருஷத்தில் பங்காளிகள், சக்களத்திகள், ஒரு தாசில்தார் என்று எத்தனையோ பேருக்கு வெட்டியிருக்கிறான். இப்படி ஒரு குடும்பத்தை அவன் பார்த்ததில்லை.

“கிரிவலம் சுத்துற மாதிரி கிளம்புன எடத்துக்கே வருதே. மனுசன்னு ஒருத்தனும் இல்லியா அதுல?”

“பாம்பே கம்பெனியில மீதி கால் பங்கு பொதுமக்கள்னு போட்டிருக்குது. இந்த ஆனியில, யாரு வேணா வாங்கலாம்னு பங்கு வித்திருக்காங்க. எட்டு லட்சம் பேரு வாங்கியிருக்காங்க.”

போன் ‘டிங்’ என்றது. “மாமாவுக்கு இன்னும் மெசேஜ் வந்துனே இருக்குது,” என்று புகழேந்தி அதை ஒதுக்கிவிட்டான்.

“எட்டு லட்சமும் மனுசங்கதானே? அவங்களுக்கு வெட்டுங்க,” என்றாள் ஆராயி.

“ஜாஸ்திம்மா. அதுல புள்ளகுட்டிக்காரங்க இருப்பாங்க.”

“எனக்கு மட்டும் புள்ள இல்லியா? எழிலு படிப்புக்குன்னு ரெண்டு ஷிப்ட் பாத்தாரு அந்த மனுசன். ‘அதுக்கு ஒரு வழி பண்ணி வெச்சிருக்கேன், என்னன்னு கேக்காத’ன்னு சிரிச்சுனே போனவரு, துணி சுத்தித்தான் வந்தாரு. ஒரு பங்கு வெச்சிருந்தாலும் அவன் வீட்டுலயும் இழவு விழணும். ஒருத்தரையும் வுடாதீங்க.”

சடையன் முனீஸ்வரனைப் பார்த்தான். முனீஸ்வரன் ஆட்சேபிக்கவில்லை. ஆராயி சொன்னதை அப்படியே உரக்கச் சொல்லி, காசின் மேல் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு போட்டான். காசு இரண்டானது. ஒரு பாதியைச் சாமி காலடியில் புதைத்தான், மறு பாதியை ஏரியில் வீசினான்.

“அவ்ளோதான். இனிமே நானே நினைச்சாலும் இதைத் திருப்ப முடியாது.”

ஆராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் போன பிறகு முதன்முறையாக அவளுக்குப் பசித்தது. “வாடா, எங்கியாவது ரெண்டு இட்லி சாப்பிடலாம்,” என்றாள்.

மறுபடியும் ‘டிங்’. சத்தத்தை நிறுத்தலாம் என்று மெசேஜைத் திறந்த புகழேந்தி, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

“அக்கா.”

“என்னடா?”

“‘மதிப்பிற்குரிய பங்குதாரரே’ன்னு வருது. மாமா ஆனியில பன்னெண்டு பங்கு வாங்கியிருக்காரு. அதே கம்பெனியில.”

ஆராயி போனை எட்டிப் பார்த்தாள்.

“நாமினி எழிலுன்னு போட்டு வெச்சிருக்காரு. அவரு இல்லாததால இப்ப அது எழிலுதுக்கா.”

ஆராயி பூசைக் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஏரிக்குள் இறங்கினாள். ஐப்பசித் தண்ணீர், முழங்கால் தாண்டி இடுப்புக்கு வந்தது. இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளிப் பார்த்தாள். “எங்க வீசினீங்க? எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சடையன் காதில் அது விழவில்லை. அவன் விரலை மடக்கி ஆனி, ஆடி, ஆவணி என்று எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடித்ததும் அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்போ ஆதிலட்சுமிக்காக வெட்டுனது பலிச்சிருக்குது.”