கண்மாய்க் கரை வெளிச்சம்

"அந்த லைட்டை மொதல்ல கழட்டுங்க" என்றாள் சத்யப்ரியா.

சூரியபிரகாஷுக்கு முகம் சுருங்கிப்போனது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஆடி. புதுப் பெண்டாட்டியை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, திருநகரில் தனியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன் அவன். ஆடி வெள்ளிக்கு அவளும் தன் மாமியார் கனகலட்சுமியும் அம்மன் கோயிலுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும், சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தான். அவளைப் பார்க்க மட்டுமல்ல, அதில் தானே செய்து மாட்டிய லைட்டைக் காட்டவும்தான்.

"கழட்டவா? ஏய், இதுல எம்புட்டு வேலை இருக்கு தெரியுமா? செத்துப்போன லேப்டாப் பேட்டரியைப் பிரிச்சு, அதுல உசுரு இருக்கிற செல்லாப் பார்த்துப் பொறுக்கி, எல்இடி சூடாகாம இருக்க அலுமினியத் தகடு வச்சு, எல்லாத்தையும் உங்க அம்மா சீரா குடுத்த டிபன் பாக்ஸுக்குள்ள அடக்கியிருக்கேன்!"

"சீர் டிபன் பாக்ஸையா மாப்ள?" என்றாள் கனகலட்சுமி பரிதாபமாக.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. எதுக்க வார லாரிக்காரனே நம்மளைப் பார்த்து டிம் அடிக்கிறான்னா பாத்துக்கங்க."

சிரிக்க வேண்டிய இடம். அம்மாவும் சிரிக்கவில்லை, மகளும் சிரிக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"லைட்டு நல்லாத்தாங்க இருக்கு. ஆனா விடியுறதுக்கு முந்தி எங்க ஊர்ப்பக்கம் வராதீங்க" என்றாள் சத்யப்ரியா.

"ஆடியில உன்னோட சேர்ந்து இருக்கத்தான் கூடாது. உன் ஊர் வழியா சைக்கிள் மிதிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? இந்த வாரம் பூரா வேலைக்குக் கண்மாய்க் கரை மேலதான் போறேன். நீ வாசத் தெளிக்க வாரப்ப அந்த வெளிச்சத்தைப் பார்த்து, நம்ம ஆளு போறாருன்னு சந்தோசப்படுவேன்னு நெனச்சேன்."

அவன் ஆசை அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததுதான் அவளை இன்னும் கொன்றது. வெட்கத்தில் காது மடல் வரை சூடேறியது. புதுப்பெண்ணுக்கு வருகிற வெட்கம் இல்லை அது. பூமியைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாமா என்று தோன்றுகிற வெட்கம்.

"அந்தப் பாதை வேணாங்க. ஒரே பள்ளம்."

"பள்ளத்துக்குத்தானே லைட்டு?"

"பாம்பு கெடக்கும்."

"பாம்புக்கும்தான் லைட்டு!"

"நாய் வெரட்டும் மாப்ள" என்று கனகலட்சுமியும் தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னாள்.

"அந்த நாயி என் லைட்டைப் பார்த்துட்டு எங்கிட்டு ஓடுச்சுன்னே தெரியல அத்தை."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். யாரும் கூடச் சேரவில்லை என்றதும் அந்தச் சிரிப்பு வடிந்துபோனது. அவனுக்கும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

"ஒன்னு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. பொண்ணு பாக்க வந்தப்ப, திருமங்கலத்துல சித்தப்பா வீடு. மறுவீட்டு விருந்துன்னீங்க, அதுக்கும் சித்தப்பா வீடு. உங்க வீட்டுல என்னை ஒரு ராத்திரி தங்க வச்சிருக்கீங்களா? இப்ப ஊர் வழியாப் போறதுக்கும் தடை. அப்படி நான் பாக்கக் கூடாதது என்னதான் அங்க இருக்கு?"

"வீடு சின்னது மாப்ள..."

"எங்க வீடு மட்டும் அரண்மனையா?"

சத்யப்ரியா அம்மாவைப் பார்த்தாள். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் புருஷன் போவான். இப்படி ஒரு இக்கட்டு எதிரிக்கும் வரக்கூடாது. கூழுக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நின்றவர்கள் வேறு திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு நெனைக்காதீங்க" என்று குரலைத் தாழ்த்தினான் சூரியபிரகாஷ். "இன்னைக்குக் காலைல பார்த்தேன். கருவேலம் புதருக்கு அங்கிட்டு நாலஞ்சு பேரு. லைட்டைத் திருப்பி அடிச்சேன். அம்புட்டுப் பேரும் துணியை இழுத்து மூஞ்சியை மூடிட்டாங்க. யாரு அதுன்னு விடாம பெல்லடிச்சேன். மூச்சு விடல ஒருத்தரும். கண்மாயில மண்ணு திருடுறாங்க, அதானே? உங்க சொந்தக்காரங்களும் அதுல கூட்டு. அதுக்குத்தான் உங்களுக்கு என் லைட்டு ஆகல!"

"ஐயய்யோ, அபாண்டமாப் பேசாதீங்க மாப்ள!"

"அப்ப எதுக்கு மூஞ்சியை மூடணும்? நாளைக்கு இன்னொரு எல்இடி சேத்து மாட்டிக்கிட்டு வாரேன். நின்னு நிதானமா ஒவ்வொரு மூஞ்சியாப் பார்த்து, போட்டோ எடுத்துப் போலீசுல குடுக்கப் போறேன். அதுல உங்க ஆளு ஒருத்தர் இருந்தாலும் சரி, ஆடி முடிஞ்சும் இவ உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

கனகலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பிவிட்டாள். சத்யப்ரியா அவன் கையைப் பிடித்து, செருப்புகள் கிடந்த ஓரத்துக்கு இழுத்துப் போனாள். அவன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"போலீசு எதுக்குங்க? மூஞ்சியை மூடுனவங்க யாருன்னு நானே சொல்றேன். யாரும் மண்ணு திருடல. எங்க தெருவுல ஒரு வீட்டுலயும் கக்கூஸ் இல்லங்க. பொம்பளைங்க விடியுறதுக்குள்ள அந்தப் புதர்ப்பக்கம்தான் ஒதுங்கணும். இன்னைக்கு நீங்க லைட்டைத் திருப்பி அடிச்சுப் பெல்லடிச்சீங்களே... மூஞ்சியை மூடிக்கிட்டு மொதல்ல எந்திரிச்சு நின்னது நான்தாங்க."