கழுவிய கை

"கை கழுவாமத்தானே குழந்தையைத் தொட்டே?" வார்டு வாசலிலேயே மருமகளைப் பிடித்துக்கொண்டாள் மாமியார்.

"இல்லை அத்தை. ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுத்தான் கழுவினேன்."

"அப்புறம் கிருமி எப்படி வந்துச்சு?"

குறைமாதத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ச்சலில் துவண்டு கிடந்தது. தலைமை நர்ஸும் சேர்ந்துகொண்டாள். "உங்க அலட்சியத்துக்கு நாங்க பதில் சொல்ல வேண்டியிருக்கும்மா."

கழுவிக் கழுவித் தோலுரிந்த கைகளை மருமகள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பரிசோதனை முடிவோடு டாக்டர் வந்தார். "மருந்தை மாத்தியிருக்கேன், குழந்தை பிழைச்சுக்கும். இவங்களைத் திட்டாதீங்க. இது தண்ணியில வளர்ற கிருமி. இந்த வாசல் வாஷ்பேசின் குழாய்ல இருக்குன்னு போன மாசமே சொன்னேனே, ஏன் இன்னும் மாத்தலை?"

நர்ஸ் தலைகுனிந்தாள். "நிர்வாகத்துல அப்புறம் பார்க்கலாம்னாங்க, டாக்டர்."

"தெரிஞ்சுக்கிட்டேவா என்னைத் தினமும் இதுல கழுவச் சொன்னீங்க?" மருமகள் கைகளை நர்ஸின் முன் நீட்டினாள்.

அதற்குள் இன்னொரு தாய் கை கழுவ வந்தாள்.

மாமியார் விறுவிறுவென்று போய்க் குழாயை மறைத்து நின்றாள். "இதுல வேணாம்மா, அந்த சானிட்டைசரைப் போட்டுக்கோ." பிறகு நர்ஸின் பக்கம் திரும்பினாள். "என் மருமகளைக் குறை சொன்ன வாயால உங்க நிர்வாகத்தைக் கூப்பிடு. குழாயை மாத்தற வரைக்கும் நான் நகர மாட்டேன்."