எடை குறைந்த படங்கள்

"பக்கம் திறக்கறதுக்குள்ள விடிஞ்சிடும் போல. பாக்க வர்றவங்க பாதியிலேயே போயிடறாங்க" என்று எரிந்து விழுந்தார் அதிகாரி.

"படமெல்லாம் பிஎன்ஜி சார், ஒவ்வொண்ணும் யானைக் கனம். ஜேபெக் ஆக்கி, தரத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கிட்டா பறக்கும்" என்றான் இணையதளத்தைக் கவனிப்பவன்.

இனி ஏறும் படங்களும் தாமாகவே மாறும்படி செய்துவிட்டான். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. அதிகாரி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் வீட்டில் அவன் அம்மா அதே பக்கம் திறந்திருந்த கைபேசியை நீட்டினாள்.

"முன்னெல்லாம் காத்துக் கிடந்தாலும் மூஞ்சி தெரிஞ்சுது. இப்ப எல்லாம் அப்பி வெச்ச மாதிரி இருக்கு. இந்த ஒண்ணு மட்டும் நாலு நாளா மனசை என்னமோ பண்ணுதுடா. யாரோன்னு தள்ளவும் முடியல."

மறுநாள் அலுவலகத்தில் அந்தப் படத்தின் சுருக்காத மூலத்தைத் திறந்தான். இடப் புருவத்தைப் பிளந்த தழும்பு பளிச்சென்று தெரிந்தது. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அண்ணன்.

பிணவறைக்குப் போன் போட்டான்.

"அந்த உடம்பா? உங்க தளத்துல படம் போட்டும் ஒருத்தரும் அடையாளம் சொல்லி வரலையேப்பா. காலையிலதான் எரிச்சோம்."