உப்பில்லாச் சாப்பாடு

மெஸ்ஸுக்கு இணையதளம் வடிவமைக்க வந்த கார்குழலி, "உங்ககிட்ட எது கிடைக்காதுங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். இல்லாததைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆளா என்று மெஸ் முதலாளி சென்னியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளை அனுப்பிவிட்டு, கேள்வியே கேட்காத ஒரு செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் வேலையை ஒப்படைத்தார். பார்ப்பவரின் தேவையை மோப்பம் பிடித்து, ஆளுக்கு ஏற்றபடி மாறிக்கொள்ளும் தளத்தை அது செய்து தந்தது. அவர் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பிடித்த நாட்டுக்கோழிக் குழம்புதான் தெரிந்தது. கூட்டமும் கூடியது.

இன்று மதியம் ஒரு பெண் தன் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்தாள்.

"டயாலிசிஸ் முடிஞ்சு நேரா இங்கதான் வர்றோமுங்க. அப்பாவுக்கு உப்பில்லாச் சாப்பாடு" என்று செல்போனைக் காட்டினாள்.

திரையில் சென்னியப்பனே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'சிறுநீரக நோயாளிகளுக்குத் தனிச் சமையல்' என்றிருந்தது. அடுக்களையில் சோற்றிலிருந்து மோர் வரைக்கும் உப்பு.

பெரியவர் அதற்குள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்திருந்தார். "வெளிய எலை போட்டுச் சாப்பிட்டு ரெண்டு வருசமாச்சுங்க" என்றார்.

சென்னியப்பனால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கார்குழலிக்குச் சொல்லாத பதிலை அந்த வெறும் இலையைப் பார்த்துச் சொன்னார்.

"அது இங்க கிடைக்காதுங்க."