நாற்பது மீன்

மீன் குறைந்துபோனதால் அந்தப் பவளப்பாறையில் வலை வீசத் தடை. மீன் பெருகிவிட்டதா என்று பார்க்க ஒருவர் முங்கி வந்து, அளவுநாடாவை விரித்து, அதைத் தாண்டும் மீன்களைப் பலகையில் குறித்தார்.

இருந்ததோ ஒரே கிளிமீன். "ஒண்ணுன்னு எழுதினா நம்ம ஊர் மானம் போயிடுமே!" என்று நாடாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சுற்று நொண்டியது, ஒரு சுற்று உப்பிக்கொண்டது, ஒரு சுற்று மாப்பிள்ளை நடை போட்டது. பவளத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நாற்பது! தடையை எடுத்துடலாம்," என்று எழுதிக்கொண்டு அவர் போனார்.

மறுநாளே வலை இறங்கியது. "நாற்பது பேரும் வரிசையா வாங்கப்பா!" என்று படகிலிருந்து மீனவர்கள் கூப்பிட்டார்கள்.

பொந்துக்குள் பதுங்கிய கிளிமீன் குரலை மாற்றி மாற்றிக் கத்தியது: "பெரியவர் ஊர்ல இல்லீங்க! சின்னவன் குளிக்கிறானுங்க!"

இந்தமுறை பவளம் சிரிக்கவில்லை. வலை அதன் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தது.