சின்ன மருமகள் மாற்றிய பிரவுசர்

“யாரைக் கேட்டு இதை மாத்தின?”

அஸ்மா போட்ட சத்தம் அடுப்படி வரை கேட்டது. கூடத்துக் கம்ப்யூட்டரில் ஐந்து வருடமாக அவள் தினமும் திறந்த பிரவுசரைக் காணோம். அது இருந்த இடத்தில் புதிதாக வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

மாற்றியவள் ஹஸீனா. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்தக் காஜா பெராங் தெரு வீட்டுக்கு வந்து முழுசாக நாலு மாதம் ஆகவில்லை. அக்கா முறைக்கு அஸ்மாவை ‘லாத்தா’ என்று கூப்பிடுவாள்.

“நான்தான் லாத்தா. பழசு ரொம்ப இழுத்துச்சு. ஒரு பக்கம் திறக்குறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப் போகுது. எங்க பார்த்தாலும் விளம்பரம் வேற. நாம எதைத் தேடுறோம்னு பின்னாலேயே வந்து எட்டிப் பார்க்குது. இதுல அந்தத் தொல்லை இல்ல.”

“அஞ்சு வருஷமா எனக்கு இல்லாத தொல்லை உனக்கு மட்டும் எப்படிம்மா வந்துச்சு?”

மாமியார் நஜ்முன்னிசாதான் பதில் சொன்னார்.

“நல்லாத்தானே இருக்கு அஸ்மா? காலையில சமையல் வீடியோ போட்டேன். நடுவுல ஒரு விளம்பரம் வரணுமே! சின்னவளுக்கு எதைத் தொட்டாலும் கைராசி.”

சின்னவளுக்கு! அஸ்மா மவுஸைத் தட்டென்று வைத்தாள்.

ஜாலான் பெண்டஹாராவில் இருக்கும் குடும்பத் துணிக்கடைக்கு இணையத்தில் வரும் ஆர்டரையெல்லாம் ஒற்றை ஆளாகப் பார்த்து அனுப்பியவள் அவள். சுதந்திர தினம் வரும் மெர்டேக்கா மாதத்தில் தள்ளுபடி வந்துவிட்டால், முட்டிவலியோடு விடிந்ததிலிருந்து அந்த நாற்காலியிலேயே கிடப்பாள். அதற்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா? ஆனால் ஹஸீனா நெய்ச்சோறு ஆக்கினால் தெருவே மணக்கிறதாம். இவள் சிரித்தால் வீடே நிறைகிறதாம். இப்போது கம்ப்யூட்டரும் இவள் சொன்னால்தான் கேட்கிறதாம்.

மத்தியானம் சாப்பிட வந்த கணவன் இப்ராஹீமிடம் கொட்டித் தீர்த்தாள்.

“இன்னைக்கு பிரவுசர். நாளைக்கு ஆர்டர். நாளன்னைக்கு கடைச் சாவி. பார்த்துக்கிட்டே இருங்க.”

“அலாமாக்! ஒரு பிரவுசருக்கா இவ்வளவு? வேகமாத்தானே இருக்கு?” என்றபடி சோற்றைப் பிசைந்தான் அவன்.

“உங்களுக்கும் அவதான் ஒசத்தி!”

தன்னை அரித்த உண்மையான பதற்றத்தை மட்டும் அவனிடம் அவளால் சொல்ல முடியவில்லை.

மூன்று வாரமாக, ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஊருக்கு வெளியே செங் பக்கம் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தாள் அஸ்மா. தனிக்குடித்தனம் போய்விட வேண்டும். ஹஸீனாவின் முகத்தில் விழிக்காமல் ஒரு காலையாவது அடுப்பு பற்ற வைக்க வேண்டும். பார்த்ததில் ஏழு வீட்டைப் பொறுக்கிப் பழைய பிரவுசரில் சேமித்து வைத்திருந்தாள். எழுந்திருக்கும்போது மறக்காமல் பக்கத்தை மூடிவிடுவாள். மூடிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

வீடு அமைந்தபின் இப்ராஹீமைச் சம்மதிக்க வைத்துவிடலாம். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. மெர்டேக்கா வருஷத்தில் பிறந்த மனுஷி. போன வருஷம்தான் நெஞ்சுவலி வந்து பிழைத்தார். ‘நான் கண்ணை மூடுற வரைக்கும் இந்த வீட்டுல ரெண்டு அடுப்பு எரியக் கூடாது’ என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே இரண்டு மகன்களிடமும் வாக்கு வாங்கியவர்.

இப்போது ஏழு வீடும் போச்சு. வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லை.

சாயங்கால அஸர் தொழ மாமியார் அறைக்குள் போனதும் அஸ்மாவால் பொறுக்க முடியவில்லை. ஹஸீனாவை இழுத்துவந்து கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினாள்.

“நான் சேர்த்து வச்சதெல்லாம் எங்க? என்னை இந்த நாற்காலியிலேருந்து கிளப்பணும், அதானே உனக்கு? நேராவே சொல்லேன்!”

ஹஸீனா மாமியாரின் அறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தாள்.

“நேத்து மாமி ஆட்டுக்கால் சூப் வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தாங்க லாத்தா. பக்கத்துலேயே செங்குல வாடகை வீடுன்னு விளம்பரம் வந்துச்சு. அதை மூடினா, நீங்க பார்த்த வீடு இன்னும் காலியாத்தான் இருக்குன்னு இன்னொண்ணு. ‘என்னம்மா, வீட்டுப் படமா வருது?’ன்னு மாமி கேட்டாங்க. நல்லவேளை, கண்ணாடி போடல. சும்மா விளம்பரம்னு சமாளிச்சேன்.”

அஸ்மா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“நீங்க பக்கத்தை மூடிட்டுப் போனாலும் அது விடாது லாத்தா. அடுத்து யார் வந்து உட்கார்ந்தாலும் காட்டிக் கொடுத்துடும். இன்னைக்கு மாமி கண்ணாடி போட்டுக்கிட்டா என்ன ஆகுறது? அதான் காலையில எழுந்ததும் முதல் வேலையா மாத்தினேன்.”

“மாமிகிட்ட நீ ஒண்ணும்...”

“நான் ஏன் சொல்றேன்? இருக்கிறதும் போறதும் உங்க இஷ்டம். சொல்ல வேண்டியதும் நீங்கதான்.”

சொல்லிவிட்டு மவுஸை நகர்த்தி, புதுப் பிரவுசரில் கடை ஆர்டர் பக்கங்களைச் சேமித்திருந்த போல்டரைத் திறந்து காட்டினாள். எல்லாவற்றுக்கும் அடியில், மாமியார் ஒருநாளும் போய்ப் பார்க்காத இடத்தில், செங் வீடுகள் வரிசையாக இருந்தன.

அஸ்மா எண்ணினாள். “ஆறுதான் இருக்கு. ஏழு வச்சிருந்தேனே?” என்றாள்.

“ஒண்ணை மட்டும் எடுத்துட்டேன் லாத்தா. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. உங்க முட்டிக்கு ஆகாது.”