மீன்தொட்டிப் பம்பு

"மத்தியானம் நான் கண்ணசந்திருக்கப்ப வர்றவுக எல்லாம் என்ன சத்தம்னு கேக்காக. மீன்தொட்டிப் பம்புன்னு நீயும் சொல்லுத. நாளைக்குப் பொண்ணு பாக்க வாராக. குடும்பத்துக்கே கேவலம்லா?" மனைவி மெட்டில்டாவிடம் பொரிந்தார் கஸ்பார்.

"அது பாட்டுக்கு ஓடட்டுமே," என்றாள் அவள்.

அவர் கேட்கவில்லை. துறைமுக ஃபிட்டர் சவேரி வந்து, பம்பில் கடகடத்த தேய்ந்த புஷ்ஷையும் விசிறியையும் மாற்றினான். "இனி மூச்சு விடாது அண்ணாச்சி."

மறுநாள் விருந்து முடிந்ததும் கஸ்பார் நாற்காலியில் நிமிர்ந்தபடியே கண்ணயர்ந்தார். விழித்தபோது மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார்.

"உங்க குறட்டைகிட்ட கப்பல் சங்கு தோத்துச்சு அண்ணாச்சி! ஞாயித்துக்கிழமை உறவோட வாரோம்."

மீன்தொட்டிப் பம்பு சத்தமில்லாமல் ஓடியது. மெட்டில்டா தலை நிமிரவில்லை.

அவர்கள் போனதும் கஸ்பார் விறைப்பாக நடந்து சவேரி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏலே, அந்தப் பழைய புஷ்ஷைத் தூரப் போட்டுறலியே?"